அடக்க விலையில் சேராத செலவு

மின்சாரம் தோட்டப் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயா கடைகளில் பெற்றோமக்ஸ் மேன்டில் இல்லாத கடை இருக்காது. லயன்களில் குப்பி லாம்பு எரிந்தாலும், கல்யாண வீடு, கோயில் திருவிழா, கந்தூரி என்று வந்துவிட்டால் பெற்றோமக்ஸ்தான். அந்த விளக்கின் உயிரே மேன்டில் எனும் சிறிய வெள்ளை வலைப்பையில்தான் இருந்தது. சாமான் சிறியது, இலாபமும் சிறியது, ஆனால் ஓடும் சாமான்.

அந்த வலைப்பைக்கு வெளிச்சம் கொடுத்த பொருள் எதுவென்று விற்றவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. அது தோரியம். 1891 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய விஞ்ஞானி அவுவர் வொன் வெல்ஸ்பாக் கண்ட கலவை இதுதான்: 99 வீதம் தோரியம் ஒட்சைட்டு, 1 வீதம் சீரியம் ஒட்சைட்டு. தோரியம் இயற்கையாகவே கதிர்வீசும் உலோகம். மேன்டில் விற்றவருக்கும் எரித்தவருக்கும் பெரிய ஆபத்து வந்தது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு மேன்டிலில் உள்ள அளவு மிகச் சொற்பம். இன்று பல நிறுவனங்கள் தோரியம் இல்லாத மேன்டில்களைத்தான் செய்கின்றன. கேள்வி வேறு. கடைக்கு வந்த மேன்டில் சிறியது. அதைச் செய்வதற்காக மண்ணைத் தோண்டி, கழுவி, அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதைக் கொட்டினார்களே, அந்தக் கழிவு எங்கே போயிற்று? அதை அள்ளிச் சுத்தம் செய்தவர் யார்? அந்தச் செலவை யார் கட்டினார்?

வியாபாரிகளாகிய நாம் அடக்க விலை போடும்போது கொள்முதல், லொறிக் கூலி, கடை வாடகை, சம்பளம் எல்லாம் சேர்க்கிறோம். உலகத்தில் கனியப் பொருள் வியாபாரம் செய்த பலர் ஒரு செலவை மட்டும் சேர்க்க மறந்தார்கள். அந்தக் கணக்கைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

நமது மண்ணிலும் உண்டு

தோரியம் எங்கோ வெளிநாட்டு விடயம் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையின் கனியவள அளவைக்கு முதலாவது பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலை அறிஞராக உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். சப்ரகமுவ மாகாணத்தில் மாணிக்கம் தோண்டும் சரளைக் கற்களுக்கிடையே, கறுப்பாக, சதுரமாக, கையில் எடுத்தால் ஈயம்போல் பாரமாக இருந்த ஒரு கல் அவர் பார்வைக்கு வந்தது. 1904 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அதைச் சோதித்து, புதிய கனியம் என்று உறுதி செய்து, தோரியனைட் என்று பெயரிட்டார்கள். மேன்டில் தொழிலுக்காக அது இலங்கையிலிருந்து கப்பலேறியது.

அதே காலத்தில் இந்தியப் பக்கத்தில் நடந்தது வியாபாரிகளுக்குச் சுவையான கதை. 1909 இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்த ஜேர்மன் இரசாயனவியலாளர் ஷொம்பேர்க், அதில் மோனசைட் எனும் தோரியக் கனியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் அந்த மணலைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அங்கு மணல் ஆலை தோன்றிய வரலாறு இப்படித்தான். தும்பு வாங்கப் போனவர்களுக்குத் தோரியம் கிடைத்தது.

மோனசைட் நமது பேருவளைக் கடற்கரையிலும் உண்டு. 1957 இல் கனியமணல் கூட்டுத்தாபனம் ஆரம்பிக்கப்பட்ட புல்மோட்டையிலும் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மோனசைட் கலந்தே இருக்கிறது. மன்னார் மணலையும் வெளிநாட்டு நிறுவனங்கள் தேடி வருகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் கிடக்கும் இயற்கை மணலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையோரத்தில் இயற்கைக் கதிரியக்கம் அதிகம். அங்கு வாழும் மக்களிடம் நீண்டகாலம் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. பிரச்சினை தொடங்குவது மணலைப் பிரித்து, கரைத்து, விலைபோகும் பகுதியை எடுத்துக்கொண்டு மிகுதியை ஒரே இடத்தில் குவிக்கும்போதுதான்.

தேயிலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. சுமார் நாலரைக் கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. பாரம் குறைகிறது, சாயம் அந்த ஒரு கிலோவுக்குள் ஒடுங்குகிறது. அதுபோலத்தான் பெரிய மணல் மேட்டில் பரவிக் கிடந்த கதிரியக்கம் ஆலையின் பின்பக்கத்துச் சேற்றில் ஒடுங்கிவிடுகிறது. உரேனியச் சுரங்கங்களிலும் இதே கதைதான். உரேனியத்தைப் பிரித்தெடுத்து விற்ற பின்னரும், தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 வீதம் கழிவிலேயே தங்கிவிடும்.

புக்கிட் மேராவில் வந்த பில்

இதற்கு மலேசியாவில் நடந்த ஒரு சம்பவத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

ஈப்போ நகரம் ஈயத்துக்குப் பெயர் பெற்றது. மலேசியர் தகரச் சுரங்கத்தை ஈயச் சுரங்கம் என்பார்கள். அச்சுரங்கங்களில் தகரத்தை எடுத்த பின் மிஞ்சும் கறுப்பு மணலை அங்கு 'அமாங்' என்பர். வீணாகக் கிடந்த அந்த மணலில் மோனசைட் இருப்பது தெரிந்தது. அதிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்து ஏற்றுமதி செய்வதற்காக 1979 இல் ஏசியன் ரெயர் ஏர்த் என்ற கம்பனி பதிவானது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்துக்கு 35 வீதம், உள்ளூர்க் கம்பனியான பே மினரல்சுக்கு 35 வீதம். எஞ்சிய பங்குகளில் ஹஜ் யாத்திரிகர்களின் சேமிப்பைப் பொறுப்பேற்று நடத்தும் தாபோங் ஹாஜி நிறுவனமும் பங்கெடுத்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் நல்ல தொழிலில் போடப்படுகிறது என்றே அன்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். கழிவை விற்றுக் காசாக்கும் தொழில் யாருக்குக் கசக்கும்?

1982 இல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஆலை ஓடத் தொடங்கியது. மலேசியாவின் அணுசக்தி அனுமதிச் சட்டம் வந்தது 1984 இல். அதாவது ஆலை முதலில், சட்டம் பிறகு. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சபையும், அளந்து பார்க்கும் அதிகாரிகளும் அதற்கும் பிறகு. தோரியக் கழிவு ஆலைக்கருகில் முறையான பாதுகாப்பின்றிக் கிடந்தது. ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா 1984 இன் இறுதியில் வந்து அளந்தபோதுதான், கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருப்பது ஊருக்குத் தெரிந்தது. அயலில் கருவி பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

1985 இல் ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994 ஜனவரியில் கம்பனி தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 11,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாக மக்கள் முறையிட்டார்கள். அதற்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று கம்பனி கூறியது.

ஆலை மூடியதும் கதை முடியவில்லை. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2011 மார்ச்சில் எழுதிய கட்டுரையின்படி, அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் செலவு 10 கோடி அமெரிக்க டொலர். 11,000 லொறி கழிவும் மண்ணும் அகற்றப்பட்டன. சில இடங்களில் 25 அடி ஆழத்தில் பாறை வரும்வரை தோண்டினார்கள். 80,000 இற்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் இருந்த கழிவைச் சீமெந்தோடு கலந்து, சில மைல் தொலைவிலுள்ள குன்றின் உச்சியில் புதைக்கும் வேலை அப்போது ஆரம்பமாக இருந்தது.

நமது கணக்குப் புத்தகத்தில் இதை எழுதிப் பார்ப்போம். ஆலை ஓடியது பத்து வருடமளவில், அதிலும் இடையில் நீதிமன்றத் தடையால் நின்ற காலம் உண்டு. சுத்தம் செய்யும் வேலையோ அதைவிட நீண்டது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,400 கோடி வருடங்கள் என்பதால், குன்றிலுள்ள புதைகுழியைக் காவல் காக்கும் வேலைக்கு முடிவுத் திகதியே கிடையாது. மணலை வாங்கி விற்றவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பில் பின்னால் வந்தது.

ஆள் போனால் அறிவும் போகும்

மலேசியாவில் பணம் கட்ட ஒரு பெரிய கம்பனியாவது இருந்தது. அதுவும் இல்லாத இடங்கள் மத்திய ஆசியாவில் இருக்கின்றன.

பாபர் பிறந்த பர்கானா பள்ளத்தாக்கின் ஓரத்தில், கிர்கிஸ்தானில், மைலூ-சூ என்றொரு மலை நகரம் உண்டு. சோவியத் காலத்தில் 1946 முதல் 1968 வரை அங்கு உரேனியம் எடுத்தார்கள். கழிவு ஆற்றோரத்து மலைச்சரிவுகளில் 23 குவியல்களாகக் கொட்டப்பட்டது. 1958 ஏப்ரலில் ஒரு குவியலின் அணை உடைந்து பெருந்தொகைக் கழிவு ஆற்றில் கலந்தது. நில நடுக்கமும் மண்சரிவும் அடிக்கடி நிகழும் இடம் அது. மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சி இரவில் விழித்திருக்கும் மலையக மக்களுக்கு, அந்த ஊர் மக்களின் பயம் விளங்காமல் போகாது. ஒரு வித்தியாசம்: நமது மலை சரிந்தால் வருவது மண், அவர்களது மலை சரிந்தால் மண்ணோடு கதிரியக்கமும் வரும்.

1991 இல் சோவியத் நாடு உடைந்தது. சுரங்கங்களை நடத்திய பொறியியலாளர்கள் பலர் ரஷ்யாவுக்கும் ஜேர்மனிக்கும் போய்விட்டார்கள். குவியல்கள் நின்றன, அவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் இல்லை. வறுமையால் பழைய உலோகம் பொறுக்கக் கழிவுமேடுகளைத் தோண்டியவர்களும் உண்டு. வேலி போட வேண்டும், அளக்க வேண்டும், மூட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். செய்யத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஆகவேதான் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 2012 இல் இந்தப் பழைய உரேனியத் தளங்களுக்கென்று ஓர் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. 2015 இல் ஐரோப்பிய மீள்கட்டுமான அபிவிருத்தி வங்கி இதற்காக ஒரு நிதியத்தைத் திறந்தது. கிர்கிஸ்தானில் ஷெகாப்தார், மின்-குஷ், உஸ்பெகிஸ்தானில் சார்கேசர், யங்கியாபாத் ஆகிய இடங்களில் அந்த நிதியால் வேலை நடந்தது. பணத்தோடு பயிற்சியும் சேர்ந்தே போனது என்பதுதான் இங்கு முக்கியம். அந்தந்த நாட்டுப் பொறியியலாளர்கள், ஆய்வுகூடத்தார், அரசாங்கப் பரிசோதகர்கள் ஆகியோருக்குப் பயிற்சிநெறிகள் நடத்தினார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒரு நாள் விமானம் ஏறிவிடுவார், கழிவுமேடு அங்கேயே இருக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

இத்துறையில் பலருக்கும் பாடமாக இருப்பது ஜேர்மனியின் விஸ்முட் நிறுவனம். கிழக்கு ஜேர்மனியில் 1990 வரை சுமார் 231,000 தொன் உரேனியம் எடுத்த நிறுவனம் அது. 1991 முதல் சுத்தம் செய்யும் நிறுவனமாக மாறியது. சுரங்கம் தோண்டிய தொழிலாளரில் ஒரு பகுதியினர் அதை மூடும் தொழிலைக் கற்றார்கள். பல நூறு கோடி யூரோ செலவானது. 2007 இல் அந்நாட்டின் தேசிய மலர்க் கண்காட்சி, பழைய சுரங்கப் பூமியான ரொனபூர்க்கில் நடந்தது.

என்ன படிக்கிறார்கள்?

இந்தத் தொழிலுக்கு விஞ்ஞானி மட்டும்தான் தேவை என்று எண்ணுவது தவறு. ஒரு தளத்தைச் சுத்தம் செய்ய நான்கு வகை ஆட்கள் வேண்டும்: அளப்பவர், பாதுகாப்பு உத்தியோகத்தர், மண் வேலை செய்பவர், இவர்கள் எல்லோரையும் பரிசோதிக்கும் அரசாங்க அதிகாரி.

அளப்பவர் கருவியோடு நிலத்தைக் கட்டம் கட்டமாக நடந்து அளந்து வரைபடம் போடுவார். கிணற்று நீர், ஆற்று நீர், தூசி எல்லாவற்றுக்கும் மாதிரி எடுப்பார். பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளவுமானி அணிவித்து, அவர் பெற்ற கதிரின் அளவைப் பதிந்துவருவார். சர்வதேச வரையறைப்படி தொழிலாளி ஒருவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லி சீவேட், பொதுமக்களுக்கு 1 மில்லி சீவேட். மூன்று விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, இடையில் மறைப்பு வை.

மண் வேலை செய்பவர் கற்பது முழுக்கக் கைப்பழக்கம். தூசி எழாமல் மண்ணை நனைத்து அள்ளுவது, வாளியை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்த்திக் கொட்டுவது, லொறியைப் படங்கால் மூடுவது, வெளியேறுமுன் சில்லுகளைக் கழுவுவது, வேலைத்தளத்தில் தேநீரும் வெற்றிலையும் சிகரட்டும் தொடாமலிருப்பது, வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாமலிருப்பது. பின்னர் களிமண், கல், மேல்மண் என்று அடுக்கடுக்காக மூடி, புல் வளர்த்து, மழைநீர் உள்ளே இறங்காமல் வடிகால் வெட்ட வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைக் கேட்டதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் வெட்டுவது ஞாபகம் வரும். சரிவில் மண் அரிக்காமல் தண்ணீரை வழிமறித்துத் திருப்புவது நமது மலையக மக்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் வேலை. கைத்திறன் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டியது அளக்கும் கல்வியும் அத்தாட்சிப் பத்திரமும்தான்.

நாம் செய்யக்கூடியது

நமது நாட்டில் அத்திவாரம் இல்லாமல் இல்லை. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்தி சபையும், அனுமதியும் பரிசோதனையும் செய்யும் தனியான ஒழுங்குபடுத்தல் பேரவையும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை உண்டு. கதிர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளை அணுசக்தி சபை நடத்துகிறது. மலேசியாவில் ஆலைக்குப் பின்னால் சட்டம் வந்தது, நம்மிடம் சட்டம் முன்னாலேயே இருக்கிறது. இதைப் பயன்படுத்திக்கொள்வது நமது கெட்டித்தனம். மணல் ஏற்றுமதிக்குப் புதிய ஒப்பந்தம் எது வந்தாலும், கழிவை எங்கே வைப்பது, சுத்தம் செய்யும் பணத்தை முற்கூட்டியே எந்தக் கணக்கில் வைப்பிலிடுவது, எத்தனை உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது வர்த்தக சங்கங்களின் கடமை. கூட்டத்தில் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. கடன் கொடுக்குமுன் பிணை கேட்பவர்கள்தானே நாம்.

அதுவரை நமது கடை வாசலிலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு.

மாணிக்க வியாபாரிகள்: சரளையில் கறுப்பாக, அளவுக்கு மீறிய பாரமாக இருக்கும் கல்லை அதிசயம் என்று லாச்சியில் போட்டு வைக்க வேண்டாம். அது தோரியனைட்டாக இருக்கலாம். பச்சை நிற எக்கனைட்டும் தோரியம் கலந்த கல்தான். 1953 இல் இலங்கையில் அதைக் கண்டெடுத்த எக்கநாயக்கவின் பெயரையே அது தாங்குகிறது. அபூர்வக் கல் என்று தேடுவோர் உண்டு. வாங்கலாம், விற்கலாம், ஆனால் அளந்து பார்த்து, வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். உடம்போடு ஒட்டி அணியும் நகைக்கு அது உகந்ததல்ல.

பழைய இரும்பு வியாபாரிகள்: ஆலை, ஆய்வுகூடம், வைத்தியசாலை ஆகியவற்றிலிருந்து வரும் சாமானுக்கு அளந்து பார்த்த பத்திரம் கேளுங்கள். 2010 இல் டில்லி மாயாபுரிச் சந்தையில், பல்கலைக்கழகமொன்று ஏலத்தில் விற்ற பழைய கருவியைப் பிரித்தபோது கோபால்ட் கதிர்ப்பொருள் வெளிப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் நோயுற்றார்கள். அவர்களும் நம்மைப்போல் நிறுத்து வாங்கி நிறுத்து விற்றவர்கள்தான்.

லொறியும் மண் அள்ளும் இயந்திரமும் வைத்திருப்பவர்கள்: கனியமணல் வேலைக்கு ஒப்பந்தம் எடுக்கும்போது, ஏற்றுவது எது, அதன் அளவு எவ்வளவு, சாரதிக்குப் பாதுகாப்பு என்ன என்று எழுதி வாங்குங்கள். சாரதிகளையும் உதவியாளர்களையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு வேலை தேடி வரும் காலம் இது.

பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கும் ஒரு சொல். உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்கும் பிள்ளை டொக்டர், இன்ஜினியர் ஆகாவிட்டால் படிப்பே வீண் என்று நினைக்கிறோம். கதிர்ப் பாதுகாப்பு உத்தியோகத்தர், சுற்றாடல் அளவையாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்று வேறு கதவுகளும் உண்டு. அக்கதவுகள் மைலூ-சூவிலும் ஈப்போவிலும் மட்டுமல்ல, எங்கெல்லாம் மண்ணைத் தோண்டுகிறார்களோ அங்கெல்லாம் இருக்கின்றன. தோண்டுவது நின்ற பிறகும் அந்த வேலை நிற்பதில்லை.

புல்மோட்டை மணலும் மன்னார் மணலும் நாளைக்கே ஓடிப்போகப் போவதில்லை. விலையும் குறையப் போவதில்லை. அவசரமாக விற்பதைவிட, அளக்கவும் மூடவும் தெரிந்த நூறு பிள்ளைகளை முதலில் உருவாக்கி, அவர்களது சம்பளத்தையும் சேர்த்து அடக்க விலை போட்டு விற்போம். அதற்குப் பிறகும் இலாபம் நிற்குமானால் அது உண்மையான வியாபாரம். நிற்காவிட்டால் மணல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.